வீட்டிலிருந்து வேலை: டெல்டா வீட்டில் எது கோளாறு, எங்கே பார்ப்பது

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில், வெண்ணாற்றங்கரையில் ஒரு கிராமம் எங்களுடையது. 2020 மார்ச் ஊரடங்கின்போது சென்னையிலிருந்து ஆளுக்கொரு பையோடு என் கணவரின் வீட்டுக்கு வந்தோம். பதினைந்து நாளில் திரும்பிவிடலாம் என்று வந்தவர்கள் இன்றும் இங்கிருந்தே வேலை பார்க்கிறோம். பழைய ஓட்டு வீடு இது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று நீளமாகப் போகும். நெல் மூட்டை அடுக்கவும், பந்தி போட்டுச் சாப்பிடவும் வசதியாகக் கட்டியிருக்கிறார்கள். எட்டு மணி நேரம் ஒருவர் திரையைப் பார்த்து உட்கார வேண்டியிருக்கும் என்று கட்டியவர்கள் நினைத்திருக்க வழியில்லை.

ஆரம்பத்தில் எது நடந்தாலும் "நெட் சரியில்லை" என்போம். போகப்போகத்தான் புரிந்தது. பாதி நாள் நெட் நன்றாகவே இருந்தது. கோளாறு வோல்டேஜிலோ, சுவரிலோ, உட்காரும் இடத்திலோ இருந்தது. இன்னொன்றும் தெரிந்தது: இங்கே கோளாறுக்கும் பருவம் உண்டு. அக்னி நட்சத்திரத்தில் வருவது ஐப்பசியில் வராது. அறுப்பில் வருவது நடவில் வராது. அதனால்தான் கருவிகளின் பெயரில் தலைப்பு வைக்காமல் அறிகுறியிலிருந்து எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டில் எது தெரிகிறதோ அதற்கு நேராகப் போங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாது. புதிதாக எதையும் வாங்குவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேசும்போது குரல் உடைகிறது, படம் அப்படியே நின்றுவிடுகிறது

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ரவுட்டர் பக்கத்தில் போய் உட்காருங்கள். அங்கே எல்லாம் சீராக இருந்தால் லைனில் குறையில்லை, வைபைதான் உங்கள் அறைக்கு வந்து சேரவில்லை. அங்கேயும் உடைந்தால் குறை லைனில். பாதிக் குழப்பம் இந்த ஒரு சோதனையில் தீர்ந்துவிடும்.

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமானால், வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்தே லேப்டாப்பின் பிங் (ping) கட்டளையில் ரவுட்டரின் முகவரியைக் கொடுத்துப் பாருங்கள்; அனுப்பிய தகவலுக்குப் பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அது காட்டும். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, ரவுட்டரின் அடியில் ஒட்டியிருப்பார்கள். பதில் சில மில்லி விநாடிக்குள் ஒரே சீராக வந்தால் வைபை நன்றாக இருக்கிறது. 5, 8, 300, 6, 450 என்று துள்ளினால், அல்லது நடுநடுவே பதிலே வராவிட்டால், வைபை பலவீனமாக இருக்கிறது என்று அர்த்தம்.

இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் சுவர் ஒன்றரை அடிக்குக் குறையாது. ரவுட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசையில் அனுப்பும். 5 வேகமானது, ஆனால் கனத்த சுவரைத் தாண்டினால் துவண்டுவிடும். 2.4 கொஞ்சம் மெதுவானாலும் சுவரைத் தாண்டி வரும். இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் எதில் இணைந்திருக்கிறோம் என்று தெரியாது. ரவுட்டர் செட்டிங்கில் போய்த் தனித்தனிப் பெயர் வையுங்கள். ரவுட்டர் கண்ணில் படும் இடத்தில் 5, சுவருக்கு அந்தப் பக்கம் 2.4.

எங்கள் வீட்டில் பைபர் போட வந்தவர், வயர் உள்ளே நுழைந்த ரேழியிலேயே ரவுட்டரை மாட்டிவிட்டுப் போனார். நான் வேலை பார்த்தது கொல்லைப்பக்க அறையில். நடுவில் மூன்று சுவர். பிறகு ரவுட்டரை முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத் தூணில், தலைக்கு மேல் ஒரு முழ உயரத்தில், சாரல் படாத பக்கமாக மாற்றினோம். முற்றம் திறந்த வெளி, எல்லா அறைக் கதவும் அதைப் பார்த்துத்தான் இருக்கிறது. சுவரில் மோதிக்கொண்டிருந்த சிக்னல் வாசல் வழியாக அறைக்குள் வர ஆரம்பித்தது. முற்றம் வைத்த வீடு உள்ளவர்கள் ஒரு பைசா செலவில்லாமல் முதலில் இதைச் செய்து பாருங்கள்.

அப்படியும் போதாவிட்டால் ரவுட்டரிலிருந்து அறைவரை ஒரு நெட்வொர்க் கேபிள் இழுத்துவிடுங்கள். கேட் 6 கேபிள் 100 மீட்டர்வரை தாங்கும், எவ்வளவு நீள வீட்டுக்கும் அது போதும். வைபையை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர் வாங்குவதைவிட இது மேல் என்பது என் கருத்து. பிளானை 100 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 200க்கு ஏற்றுவதில் இந்தக் கோளாறு தீராது. ஒரு வீடியோ அழைப்புக்கு இரண்டு பக்கமும் 3, 4 எம்பிபிஎஸ் நிலையாகக் கிடைத்தாலே போதும்.

ரவுட்டரில் சிவப்பு விளக்கு

எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால் பைபர் வழியாக ஒளி வந்து சேரவில்லை. அணைத்து அணைத்துப் போடுவதில் பயனில்லை. வீட்டுக்குள் வயர் போகும் வழியை விரலால் தொட்டுக்கொண்டே போங்கள். மின்கம்பியை மடக்கினாலும் கரண்ட் பாயும், பைபரை மடக்கினால் ஒளி வெளியே கசிந்துவிடும். எங்கள் வீட்டில் பொங்கலுக்கு வெள்ளையடிக்க பீரோவை நகர்த்தித் திரும்ப வைத்ததில், வயர் சுவர் மூலையில் பீரோவின் காலோடு ஒட்டி மடங்கிப்போயிருந்தது. பீரோவை நான்கு விரற்கடை முன்னால் இழுத்து வயரை விட்டதும் சிவப்பு அணைந்தது. வயரில் மீதி இருந்தால் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வளையமாகச் சுருட்டி ஆணியில் மாட்டுங்கள்.

உள்ளே ஒன்றும் இல்லையென்றால் தெருவைப் பாருங்கள். தை, மாசியில் அறுப்பு முடிந்து வைக்கோல் கட்டு ஏற்றிய வண்டிகள் போகும். பாரம் மின்கம்பத்தில் பாதி உயரம் இருக்கும். தெருவுக்குக் குறுக்கே தாழ்வாகத் தொங்கும் வயரை அது இழுத்துக்கொண்டு போய்விடும். எங்கள் தெருவில் ஒரே மாதத்தில் இரண்டு முறை அறுந்தது. சரிசெய்ய வந்தவரிடம் குறுக்கே போகும் இடத்தில் உயர்த்திக் கட்டச் சொல்லிக் கூடவே நின்று பார்த்துக்கொண்டோம்.

அதுவரை போன் ஹாட்ஸ்பாட்தான். உங்கள் போனில் உள்ள சிம்மும் வீட்டு பைபரும் ஒரே கம்பெனியாக இருக்க வேண்டாம். இரண்டும் சேர்ந்து படுத்துவிடும். சிக்னல் கிடைக்கும் ஜன்னலில் போனை வைத்து, யூஎஸ்பி வயரில் லேப்டாப்போடு இணையுங்கள். போன் சூடானாலும் சார்ஜ் இறங்காது, வைபை இழப்பும் இல்லை.

கரண்ட் இருக்கிறது, ஆனாலும் இன்வெர்ட்டர் பேட்டரியில் ஓடுகிறது

டெல்டாவில் இது அடிக்கடி வரும், பலருக்கும் காரணம் தெரியாது. ஆற்றில் தண்ணீர் வராத நாளில், முக்கியமாகக் குறுவைக்கு நாற்று விடும் நேரத்தில், ஊரிலுள்ள போர்செட் எல்லாம் ஒன்றாக ஓடும். வீட்டில் 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 170, 175 என்று இறங்கும். மின்விசிறி சோம்பலாகச் சுற்றும். இன்வெர்ட்டர் 'கரண்ட் போய்விட்டது' என்று எடுத்துக்கொண்டு பேட்டரிக்குத் தாவிவிடும். உண்மையில் கரண்ட் போகும்போது பேட்டரியில் ஒன்றும் மிச்சம் இருக்காது.

இன்வெர்ட்டரின் பின்பக்கமோ முன்பக்கமோ ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் யூபிஎஸ், மறுபக்கம் நார்மல் அல்லது ஈக்கோ. யூபிஎஸ் நிலையில் வோல்டேஜ் ஏறக்குறைய 180க்குக் கீழே போனதுமே பேட்டரிக்கு மாறிவிடும். நார்மலில் 100 வோல்ட் அளவுவரை லைன் கரண்டையே உள்ளே விடும். லேப்டாப் அடாப்டரை எடுத்து அதில் எழுதியிருப்பதைப் படியுங்கள்: 100–240 வோல்ட் என்று இருக்கும். 170 வோல்ட் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆகவே லேப்டாப்பில் வேலை செய்பவர்கள் நார்மலில் வைக்கலாம். டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் யூபிஎஸ்ஸிலேயே விடுங்கள். நார்மலில் வைத்தால் பேட்டரிக்கு மாறும் இடைவெளியில் அது அணைந்துவிடும்.

நார்மலில் வைத்தால் ஒரு தொந்தரவு உண்டு. கரண்ட் போகும் அந்தக் கண்ணிமைப்பில் ரவுட்டர் அணைந்து எரிந்து, மறுபடி இணைய இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும். அதற்கு ரவுட்டருக்கென்றே 12 வோல்ட் மினி யூபிஎஸ் கிடைக்கிறது, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். உங்கள் ரவுட்டர் அடாப்டரில் 12 வோல்ட்தானா, எத்தனை ஆம்பியர் என்று பார்த்துக்கொண்டு வாங்குங்கள். இந்த வீட்டில் வேலைக்காக வாங்கியதில் மிகவும் பயன்பட்டது எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

வோல்டேஜ் தினமும் இறங்கினால் தெருவில் எல்லோரும் சேர்ந்து மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்குச் சொல்லுங்கள்: 94987 94987. 2021 முதல் இருக்கிறது, 24 மணி நேரமும் எடுப்பார்கள். மீட்டர் பலகையில் உள்ள இணைப்பு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

பராமரிப்பு நாளில் மதியத்துக்குள் பேட்டரி தீர்ந்துவிடுகிறது

துணைமின் நிலையப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்தினால் மதியம் 2 மணியோ, மாலை 4, 5 மணியோ ஆகும். 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி (Ah) பேட்டரி என்றால் கணக்குப்படி 1800 வாட் மணி. அதில் நமக்கு உண்மையாகக் கிடைப்பது 1100 அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப் 50, ரவுட்டர் 10, ஒரு எல்இடி விளக்கு 10, பழைய மின்விசிறி 75. மொத்தம் 145 வாட், ஏழரை மணி நேரம் வரும். மின்விசிறியை, கரண்ட் குறைவாக இழுக்கும் 30 வாட் பிஎல்டிசி விசிறியாக மாற்றினால் அதே பேட்டரி பதினோரு மணி நேரம் வரும். அதாவது பேட்டரியைத் தின்பது உங்கள் வேலை அல்ல, மின்விசிறி.

கணக்கில் இவ்வளவு வந்தும் மூன்று மணி நேரத்தில் தீர்ந்தால், யாரோ பிரிட்ஜையோ கிரைண்டரையோ இன்வெர்ட்டர் லைனில் போட்டிருக்கிறார்கள். இல்லையா, பேட்டரியில் தண்ணீர் குறைந்திருக்கிறது. மிதவைக் குச்சிகளைப் பாருங்கள். டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள், போர் தண்ணீர் கூடவே கூடாது. சித்திரை, வைகாசி வெயிலில் சீக்கிரம் வற்றும்.

லேப்டாப்பைத் தொட்டால் சுருசுருவென்கிறது

உலோக உடம்புள்ள லேப்டாப்பில் சார்ஜ் போடும்போது மணிக்கட்டில் லேசாக எறும்பு ஊர்வதுபோல இருக்கும். அந்தக் கசிவு மிகச் சிறியது. ஆனால் மூன்று பின் அடாப்டரிலும் அப்படி இருந்தால் வீட்டில் எர்த் வேலை செய்யவில்லை என்று அது சொல்கிறது. அதே லைனில் கிரைண்டரும் தண்ணீர் மோட்டாரும் இருக்கின்றன. அங்கே கசிந்தால் உயிருக்கே ஆபத்து. இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த் குழியைப் பார்க்கச் சொல்லுங்கள். கோடையில் மண் காய்ந்து தொடர்பு விட்டுப்போவது உண்டு. கூடவே, கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் போட்டுவிடுங்கள்.

கழுத்தும் தோளும் வலிக்கிறது

வலி எங்கே என்று பாருங்கள். பின்கழுத்து என்றால் திரை தாழ்வாக இருக்கிறது. தோள்பட்டை மேல்பக்கம் என்றால் மேசை உயரமாக இருக்கிறது. இடுப்பு என்றால் நாற்காலிக்கும் முதுகுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது.

நான் முதலில் உட்கார்ந்தது மாமனாரின் அப்பா காலத்துச் சாய்வு மேசையில். தரையில் பாய் போட்டு, கணக்கு எழுத வைத்திருந்தது. பார்க்க அழகு. ஒரு வாரத்தில் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. பேனாவால் எழுதுபவர் குனிந்து எழுதி நிமிர்வார், நாம் நிமிர்வதே இல்லை. அந்த மேசையில் இப்போது நோட்டுப் புத்தகம் மட்டும்.

திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில், ஒரு கை தூரத்தில் இருக்க வேண்டும். லேப்டாப்பை நான்கைந்து தடித்த புத்தகத்தின் மேல் ஏற்றித் தனியாகக் கீபோர்டும் மவுஸும் வையுங்கள். இரண்டும் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். தட்டும்போது முழங்கை இடுப்போடு ஒட்டி, முன்கை தரைக்கு இணையாக இருக்க வேண்டும். சாதாரண மேசை 75 சென்டிமீட்டர் உயரம், நம் ஊர்ப் பெண்களில் பலருக்கு அது அதிகம். அப்போது நாற்காலியில் ஒரு தலையணை போட்டு ஏறி உட்காருங்கள். கால் தொங்கும், அதற்கு, சாப்பிட உட்காரும் மணையை எடுத்துக் காலடியில் போடுங்கள். முதுகுக்கு ஒரு துண்டைச் சுருட்டி இடுப்பின் வளைவில் வைத்தால் போதும். எங்கள் வீட்டில் இவை எல்லாமே ஏற்கெனவே இருந்தன.

கை மரத்துப்போனாலோ, விரல் நுனிவரை வலி ஓடினாலோ மருத்துவரிடம் போங்கள், நாற்காலியை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

சாயங்காலம் திரை முழுக்கப் பூச்சி

ஐப்பசி, கார்த்திகையில், சம்பா பயிர் பச்சை கட்டி நிற்கும்போது, பச்சைத் தத்துப்பூச்சி வெளிச்சத்தைத் தேடி வரும். அரிசியைவிடச் சின்னது. கீபோர்டின் இடுக்கில் விழும், தட்டும் கையின் மேல் துள்ளும். இருட்டிய முதல் இரண்டு மூன்று மணி நேரம்தான் கூட்டம் அதிகம். வயலில் விளக்குப் பொறி வைப்பதையே வீட்டிலும் செய்தோம். கொல்லை வாசலில் ஒரு வெள்ளை பல்பு, அதன் அடியில் தண்ணீர் வைத்த அகலப் பாத்திரம். அறைக்குள் மஞ்சள் விளக்கு, அதுவும் மேசைக்கு மேல் இல்லாமல் எதிர்மூலையில். திரையில் கறுப்புப் பின்னணி. ஜன்னலுக்கு நைலான் வலை. பாத்திரத்தில் காலையில் பச்சைப் படலமாக மிதக்கும்.

மதியமானால் லேப்டாப் மந்தம்

காலையில் ஓடியது மதியம் தவழ்ந்தால் சூடுதான். தன்னைக் காத்துக்கொள்ள அது வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மெத்தை, பாய் மேல் வைக்காதீர்கள். அடியில் இரண்டு மரச்சட்டம் கொடுத்துக் காற்று போக விடுங்கள். அறுவடை மெஷின் பக்கத்து வயலில் இறங்கும் நாளில் அந்தப் பக்க ஜன்னலைச் சாத்திவிடுங்கள். நெல் சுணை உடம்பில் பட்டால் எப்படி அரிக்கும் என்று நமக்குத் தெரியும். லேப்டாப்பின் உள்விசிறி அதை இழுத்து, சூடு வெளியேறும் தகடுகளின் இடுக்கில் பஞ்சுபோல் அடைத்துக்கொள்ளும். அறுப்பு முடிந்ததும் ஒரு முறை திறந்து சுத்தம் செய்யக் கொடுங்கள்.

எட்டு மணி நேரம் உட்கார்ந்தும் வேலை நகரவில்லை

இதற்கு மூன்று நாள் ஒரு தாள் வையுங்கள். எழுந்தபோதெல்லாம் மணியையும் காரணத்தையும் எழுதுங்கள். என் தாளில் ஒரு நாளைக்கு இருபதுக்கு மேல் இருந்தது. பால், சிலிண்டர், மீன்காரம்மா, பக்கத்து வீட்டுக் குழந்தை, "எப்ப வந்தே?" என்று விசாரிக்கும் சொந்தக்காரர்கள். அதில் முக்கால்வாசிக்குக் காரணம் ஒன்றுதான்: நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். கூடம் எல்லோரும் நடக்கும் வழி. அங்கே இருப்பவரிடம் யாரும் பேசத்தான் செய்வார்கள், அது அவர்கள் தப்பில்லை. கொல்லைப்பக்கம் நெல் குதிர் இருந்த அறையைச் சுத்தம் செய்து அங்கே போனதில் எண்ணிக்கை பாதியானது.

மீதிப் பாதி அத்தையோடு பேசித் தீர வேண்டியிருந்தது. "வீட்டுலதானே இருக்கே, புளியை மட்டும் கரைச்சு வெச்சுட்டுப் போயேம்மா" என்பார்கள். புளி கரைக்க ஐந்து நிமிடம்தான், விட்ட இடத்தைப் பிடிக்க அரைமணி. ஒரு நாள் உட்கார்ந்து, "அத்தை, நான் பேசாம உக்காந்திருந்தாலும் அப்ப வேலைதான் ஓடுது" என்று என் திரையைக் காட்டிச் சொன்னேன். அன்றைக்கு அவர்களே ஒரு வழி சொன்னார்கள். ஜவுளிக் கடை மஞ்சள் பையைக் கதவின் கொண்டியில் மாட்டினால் மீட்டிங். பை இல்லையென்றால் கூப்பிடலாம். இப்போது வருகிறவர்களிடம் அத்தைதான் விரலை வாயில் வைத்துப் பையைக் காட்டுகிறார்கள். விதியை வீட்டுப் பெரியவர்களே சொல்லும்படி விடுங்கள், அது நிற்கும். பதிலுக்கு நானும் ஒன்று ஒப்புக்கொண்டேன்: பன்னிரண்டரையிலிருந்து ஒன்றரைவரை லேப்டாப் மூடியிருக்கும்.

அறுப்பு நாளில் மட்டும் எந்த ஏற்பாடும் எடுபடாது. மெஷின் வாடகை மணிக்கணக்கு, வருகிறேன் என்ற நேரத்துக்கு வராது, வந்தால் வரப்பில் ஆள் நிற்க வேண்டும். பிறகு கொள்முதல் நிலையம். நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் திரும்பக் காயப்போட வேண்டும், இன்னொரு நாள் போகும். காதில் ஹெட்செட்டோடு களத்தில் நின்று நானும் என் கணவரும் முயன்று பார்த்துவிட்டோம், இரண்டு வேலையும் கெடுகிறது. இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள், எடுப்பதை ஒரு வாரம் முன்பே சொல்லுங்கள்.

ஆடி மாத ஒலிபெருக்கி

வாய்க்குப் பக்கத்தில் மைக் வரும் ஹெட்செட் போட்டால் இந்தச் சத்தத்தில் பாதி எதிர்முனைக்குக் கேட்காது. பேசாத நேரம் மியூட். அப்புறம், மைக்செட்காரரிடம் போய், "அண்ணே, அந்த ஒரு குழாயை மட்டும் வயல் பக்கம் திருப்பி வையுங்க" என்று கேளுங்கள். கேட்டபோதெல்லாம் திருப்பியிருக்கிறார்கள். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதி; இரவு ஷிப்ட் பார்ப்பவர்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

மீட்டிங் ஒரு மணி நேரம் மாறிவிட்டது

உங்கள் கடிகாரத்தில் தப்பில்லை. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுவார்கள். நியூயார்க்கின் காலை 9 மணி நமக்குக் கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. லண்டனில் மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகள். அந்த நான்கு நாளையும் சமையலறைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். இரவுச் சாப்பாட்டு நேரம் மாறுவது வீட்டுக்கும் தெரிய வேண்டும்.

புயல் எச்சரிக்கை வந்திருக்கிறது

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை ஏறியது. உள்ளே பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அதனால் ஐப்பசி பிறந்தாலே எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எச்சரிக்கை வந்த அன்றே அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல்: எந்தத் தேதியிலிருந்து தொடர்பு இல்லாமல் போகலாம், யாரிடம் எந்த வேலை இருக்கிறது. பாதி முடித்த கோப்புகளைச் சேமித்து அனுப்பிவிடுவது. பிறகு மேல்தொட்டியை நிரப்புவது, லேப்டாப், பவர்பேங்க், மினி யூபிஎஸ் எல்லாவற்றையும் முழுதாகச் சார்ஜ் செய்வது. காற்று கூடும்போது ரவுட்டர், அடாப்டர் எல்லாவற்றையும் பிளக்கிலிருந்து கழற்றிவிடுவது. பைபர் வயர் இடியைக் கொண்டுவராது, மின்கம்பி கொண்டுவரும். செல்போன் கோபுரங்களும் கரண்ட் இல்லாமல் பேட்டரியிலும் டீசலிலும் கொஞ்ச நேரம்தான் தாங்கும். முதல் சில மணி நேரத்தில் சொந்தக்காரர்களுக்குத் தகவல் சொல்லிவிட்டு, ஒரு போனை அணைத்து வைத்துவிடுங்கள்.

கரண்ட் திரும்பி வந்ததும் ஓடிப்போய் லேப்டாப்பைச் செருக வேண்டாம். சுவர் நனைந்திருந்தால் அந்தச் சுவரில் உள்ள சுவிட்ச் பெட்டியை எலெக்ட்ரீஷியன் பார்க்கும்வரை மெயினிலேயே நிறுத்தி வையுங்கள்.